அப்பாவின் ரயில்வே சாமான்களை எடைக்குப் போடலாமா?

கேள்வி: "என் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர்கேஜ் காலத்துக் கைவிளக்கு, கொடி, டைரி, கால அட்டவணை என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். நீராவி எஞ்சின் காலத்துப் பொருள் என்றாலாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். இதெல்லாம் இருபது, முப்பது வருடப் பழசுதான். வீடு மாறப் போகிறோம். எடைக்குப் போட்டுவிடலாமா?"

போடாதீர்கள். நான் போட்டவன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வாடகை வீடாக இருக்கும், பரண் இருக்காது, வீட்டில் இருப்பவர்கள் "இந்தத் துருப்பிடித்த சாமானை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

என் அப்பா பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷனில் தடம் மாற்றிவிடுகிற ஊழியர். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே ஒரு சின்ன ஸ்டேஷனில் 1981 முதல், மானாமதுரை–ராமேசுவரம் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) நிற்கும் வரை, அதாவது 2006 வரை வேலை பார்த்தார். ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக நீல்ஸ் பால் டோக்கன் என்று ஒரு முறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒவ்வொரு கருவி, இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே கருவியில் இருந்து இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்த பந்து வராது. பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிக்கு மட்டும்தான் தடம்.

அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டிக்குக் கொடுப்பது என் அப்பாவின் வேலை. சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் ஓடிய போட் மெயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. அப்பா ஒரு கையில் விளக்கும் மறு கையில் வளையமுமாக நிற்பார். எஞ்சினில் இருந்து உதவி டிரைவர் கையை நீட்டி வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார், கொண்டுவந்த வளையத்தை எறிவார். அப்பா அதை இருட்டில் தேடி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓட வேண்டும். அவருடைய வலது முன்கையில் வளையம் அடித்த தழும்பு சாகும்வரை இருந்தது.

2009 பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தேன். சிவப்பு பச்சைக் கண்ணாடி வைத்த கைவிளக்கு, உடைந்துபோனதால் கழித்துவிட்ட ஒரு பிரம்பு வளையம், ஒரு கட்டு நோட்டுகள். எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் போட்டேன். 140 ரூபாய் கொடுத்தார்கள். (அரசாங்கச் சொத்தை எப்படி வீட்டில் வைத்திருக்கலாம் என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். விளக்கு அவர் தன் காசில் வாங்கியது. வளையம் குப்பையில் போட்டது. பந்தை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஒரு பந்து காணாமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.)

சாயங்காலம் அப்பா வந்து பரணைப் பார்த்தார். திட்டவில்லை. "வெளக்கு போனாப் போகுதுப்பா. அந்த நோட்டு எங்க?" என்றார்.

கடைக்கு ஓடினேன். காகிதமெல்லாம் அதற்குள் லாரியில் ஏறிப் போயிருந்தது.

அந்த நோட்டுகளில் என்ன இருந்தது என்று பிறகுதான் சொன்னார். தன் டியூட்டியில் போன ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், எஞ்சின் நம்பர், தாமதம் என்றால் காரணம். அப்போது பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துக்கு சிக்னல் விழாது. அப்படி வண்டிகள் வழியில் காத்துக் கிடந்த ராத்திரிகளை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எந்த வண்டியில் வந்த யாத்திரிகர்களுக்கு ஊர்க்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள் என்பதுவரை. யாரும் எழுதச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறார்.

1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. பழைய பாலத்தை லட்சம் பேர் படம் எடுத்திருப்பார்கள். அந்தப் பாலம் மூடிக்கிடந்த ராத்திரிகளில் பின்னால் இருந்த சின்ன ஸ்டேஷன்களில் என்ன நடந்தது என்பதற்கு இருந்த எழுத்தை நான் கிலோ கணக்கில் விற்றேன்.

"இருபது முப்பது வருடப் பழசுதானே" என்கிறீர்கள். ஆபத்தே அங்கேதான். நீராவி எஞ்சினுக்கு எல்லோரும் உருகுவார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்தது, நல்லது. ஆனால் எங்கள் ஜில்லாக்களில் ஒரு தலைமுறை முழுக்க வண்டி இழுத்தது ஒய்.டி.எம்.4 என்ற டீசல் எஞ்சின். 1960-களில் அமெரிக்காவில் இருந்து வந்து, பிறகு வாரணாசியிலேயே செய்தது. அகலப்பாதை வந்ததும் பெரும்பாலானவற்றை உடைத்தார்கள், சில மியான்மர் போன்ற நாடுகளுக்குப் போயின. உடைக்கும்போது யாருக்கும் அது சரித்திரமாகத் தெரியவில்லை, நேற்று பார்த்த வண்டிதானே. இப்போது பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை செய்த பழைய ரயில் பெட்டிகளுக்கும் அதுதான் நடக்கிறது. 1955-ல் தொடங்கிய அந்தப் பழைய வகைப் பெட்டியைச் செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வளர்ந்த பெட்டி அது.

அகலப்பாதைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேகமாகப் போக வழி வேண்டும், வந்தது நல்லதுதான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பாதை அகலமானபின் அப்பா வேலை பார்த்த ஸ்டேஷனில் வண்டி நிற்பதே இல்லை. முன்பு காலையில் பாசஞ்சரில் மிளகாய் மூட்டையோடு ஏறிய பெண்கள் இப்போது மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மனு கொடுத்தோம், கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். பதில் இல்லை. உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை.

அப்பா 2014-ல் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு அருங்காட்சியகத்தில் நீல்ஸ் பால் கருவியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வைத்து பெயர் மட்டும் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் "இது கல்லாப்பெட்டியா?" என்று அவன் அம்மாவைக் கேட்டான். அவனுக்கு நான் விளக்கினேன். பிறகு அங்கே இருந்தவரிடம், வளையம் கைமாறிய விதத்தை எழுதித் தருகிறேன் என்றேன். பொருள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான்.

அதனால், பெட்டியைத் திறக்கும் முன் உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். செல்போனில் பதிவை ஓட விட்டு, ஒவ்வொரு சாமானாக எடுத்து "இதை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேளுங்கள். பளபளப்பாக்கவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம், கைபட்ட தேய்மானம் அப்படியே இருக்கட்டும். போட்டோக்களின் பின்னால் பென்சிலால் ஊர், வருஷம், ஆள் பெயர் எழுதுங்கள். டைரியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த யோசனை. கொடுப்பதென்றால் பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அப்பா பேசியதையும் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

உங்கள் அப்பா எந்தப் பகுதியில் வேலை பார்த்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. மானாமதுரை–ராமேசுவரம் என்றால், அந்த டைரிகளில் காற்றுக்காக போட் மெயிலை நிறுத்தி வைத்த ராத்திரி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்ப முடியுமா?