மலம் பதித்த மேஜை

அன்புள்ள ஐயா,

ஜூலையில் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரின் சின்ன மியூசியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் கணவரோ, "லண்டனிலேயே பெரிய மியூசியம் இருக்கிறது, உள்ளே நுழைந்ததும் ராட்சத டைனோசர், அனுமதியும் இலவசம். அரைமணியில் பார்த்து முடிக்கிற இடத்துக்கு ஒரு நாளை வீணாக்குவதா?" என்கிறார். போகலாமா? டிக்கெட் முன்பே எடுக்க வேண்டுமா? தவறவிடக் கூடாதவற்றைப் பட்டியலாகத் தருவீர்களா?

சுமதி

அன்புள்ள சுமதி,

பட்டியல் தரமாட்டேன். டிக்கெட் விவரமெல்லாம் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும். கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் நடுக்கூடத்தில் நின்ற டிப்பி என்ற டைனோசர் எலும்புக்கூடு வெறும் பிளாஸ்டர் வார்ப்பு. 2017 முதல் அந்த இடத்தில் தொங்குவது நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு.

'பார்த்து முடிக்கிற' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார வைத்தது. வெளிநாடு போகிற நம் குடும்பங்களைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். எதைப் பார்த்தாலும் முடித்துவிடுகிறார்கள். குழந்தையை எலும்புக்கூட்டின் முன் நிறுத்திப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் லண்டனே போதும், அலைய வேண்டாம்.

லைம் ரீஜிஸ் மியூசியம் லண்டனின் குட்டிப் பதிப்பு அல்ல. ஆதிகால உயிர்களின் கல்லாகிப்போன எலும்புகளைத் தேடி எடுத்த மேரி ஆனிங் பிறந்த வீடு இருந்த மனையிலேயே அது நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே கடல். சற்று நடந்தால் அவள் தேடிய பாறைச் சரிவு. சுண்ணாம்புக்கல் ஒரு அடுக்கு, களிப்பாறை ஒரு அடுக்கு என்று மாறி மாறி, ஏறத்தாழ இருபது கோடி ஆண்டு வயது. குளிர்கால மழையில் சரிவு இடியும், உள்ளே கிடந்தது வெளியே வரும். அலை அடித்துப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும். அப்பா 1810-இல் கடனை வைத்துவிட்டு இறந்தபின் அந்தப் பெண் பிழைத்தது இப்படிப் பொறுக்கி விற்றுத்தான். 1833-இல் ஒரு சரிவு அவள் கண்ணெதிரே அவளுடைய நாயைக் கொன்றது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அவளும் போயிருப்பாள்.

1823-இல் ப்ளீசியோசர் என்ற நீண்ட கழுத்துக் கடல் ஊர்வன ஒன்றை முழு எலும்புக்கூடாக எடுத்தாள். (அது டைனோசர் இல்லை. மகளைக் கேளுங்கள், சொல்லுவாள்.) அடுத்த பிப்ரவரியில் லண்டன் புவியியல் சங்கத்தில் கோனிபியர் என்ற புவியியலாளர் அதை விவரித்தார். அவள் பெயரைச் சொல்லவில்லை. அதே கூட்டத்தில்தான் பக்லாண்ட் என்ற இன்னொரு புவியியலாளர் மெகலோசரஸை அறிவித்தார், அறிவியல் பெயர் பெற்ற முதல் டைனோசர். மேரி 1847-இல் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1919-இல்! அவள் எடுத்தவை இப்போது லண்டன் மியூசியச் சுவரில் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரிவைப் பார்க்காதவர்களுக்கு அது சுவர் அலங்காரம்தான். மழையில் குனிந்து தோண்டிய ஒருத்தி அதில் தெரியமாட்டாள். எலும்பை எங்கேயும் பார்க்கலாம் சுமதி. அது கிடைத்த இடத்தை அங்கே போனால்தான் பார்க்க முடியும்.

லைம் மியூசியத்தில் பக்லாண்டின் மேஜை ஒன்று இருக்கிறது. பலகை முழுக்கப் பளபளவென்று கல் பதித்தது. நான் ரசித்துக்கொண்டு நிற்கையில், அங்கே தொண்டு செய்யும் ஒரு மூதாட்டி வந்து, "அத்தனையும் மலம்" என்றார். என் மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான், ஆதிகால உயிர்களின் மலம் கல்லாக இறுகியது. இக்தியோசர் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வனவின் வயிற்றுப் பகுதியில் இப்படிப்பட்ட கற்கள் கிடப்பதைக் கவனித்து, உடைத்துப் பார்த்து, உள்ளே மீன் எலும்பும் செதிலும் கண்டவள் மேரி. பக்லாண்ட் 1829-இல் அதை அறிவித்தார். அந்த அம்மா என் மகனை உட்கார வைத்து மதியம் வரை பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் முட்டும் பெரிய மியூசியத்தில் இதற்கு யாருக்கு நேரம்?

சரி, போகிற வழி. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து பேருந்து. கரையில் உதிர்ந்து கிடக்கும் அம்மோனைட்டை, அதாவது கல்லான சுருள் சிப்பியை, மகள் எடுத்துக்கொள்ளலாம், சரிவைத் தோண்டக் கூடாது, அதன் அடியில் நிற்கவும் கூடாது. கடல் உள்வாங்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கல் வழுக்கும்.