ஏழு வீடுகள் பார்த்தோம், எதுவும் நினைவில் நிற்கவில்லை!

கேள்வி: வேளச்சேரி, மேடவாக்கம் பகுதிகளில் இரண்டு வார இறுதிகளில் ஏழு அடுக்குமாடி வீடுகளைப் பார்த்துவிட்டோம். இப்போது எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன. எப்படி ஒப்பிடுவது?
- வாசகி, சென்னை

பதில்: ஒரே நாளில் மூன்று வீடுகளுக்கு மேல் பார்க்காதீர்கள்; ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும், அடுத்ததற்குக் கிளம்பும் முன் வாசலில் நின்றே குறிப்பெழுதிவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் வரும் சதுர அடியில் மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொதுப் பகுதிகளின் பங்கும் சேர்ந்திருக்கும் என்பதால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுக்கும் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவரையும் பால்கனியையும் நீக்கிய உட்பரப்பை, கேட்டு வாங்கி அதனால் விலையை வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 84 லட்சத்துக்கு 1,200 சதுர அடி என்பது சதுர அடி 7,000 ரூபாய், 79.2 லட்சத்துக்கு 1,100 என்பது 7,200 ரூபாய். முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் கார்ப்பெட் ஏரியா முறையே 840, 825 என்றால் கணக்கு 10,000, 9,600 என்று தலைகீழாகிவிடும்.

பிரிபடாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு, எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் பளபளப்பை விட அதுவே முக்கியம் என்பேன். உங்கள் பகுதியைப் பொறுத்தவரை, 2015 வெள்ளத்தில் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்கிறதா என்பவற்றைத் தரகரிடம் அல்ல, காவலாளியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். பட்டியல் இரண்டாகச் சுருங்கியதும், அவ்விரண்டையும் மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரம்) ஆகியவற்றை வழக்கறிஞர் பார்க்கும் முன் முன்பணம் கொடுக்க வேண்டாம்.