மலையில் முழங்கும் இடி: வாசகர் கேள்வி – பதில்

சித்திரை, வைகாசி இடிமழையைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: காலையில் பளிச்சென்று வெயில். நம்பி ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டால் மூன்று மணிக்கு இடியும் மழையும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, குலசேகரம்

பதில்: இன்று இடிமழைக்கு வாய்ப்பு உண்டா என்று காலையிலேயே பார்த்துவிடலாம். எந்த ஊருக்கு என்பது மதியம் தாண்டித்தான் தெரியும். அந்தப் பளிச்சென்ற வெயிலே முதல் அறிகுறி. தரை நன்றாகச் சுட்டால்தான் மேகம் எழும்பும். விடியும்போதே மூடிக்கிடக்கும் நாளில் இடி பிந்தும், அல்லது வலுவிழக்கும்.

திருவனந்தபுரத்தில் காலை 5.30 மணி அளவீட்டுக்காக வானிலை பலூன் விடுகிறார்கள். வெவ்வேறு உயரங்களில் வெப்பம், ஈரம், காற்றின் திசை என்ன என்று அது அனுப்பிக்கொண்டே மேலே போகும். வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் 43371 என்ற நிலைய எண்ணைக் கொடுத்தால் அந்த அட்டவணை கிடைக்கும். அதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 'கேப்' (CAPE) என்ற எண். காற்று மேலே எழும்ப எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதன் அளவு அது. 1,000க்குக் கீழே என்றால் பலவீனம். 2,500ஐத் தாண்டினால் கவனம் தேவை. மற்றொன்று, 700, 500 என்று தொடங்கும் வரிகளில் உள்ள காற்றின் திசை. இவை காற்றழுத்த எண்கள்; 700 ஏறத்தாழ 3 கி.மீ. உயரம், 500 ஏறத்தாழ 6 கி.மீ. திசை டிகிரியில் இருக்கும். அங்கே 90க்குப் பக்கத்தில் எண் இருந்தால் மேலே வீசுவது கிழக்கிலிருந்து வரும் கொண்டல். மலையில் பிறக்கும் மேகத்தை அது நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். 270க்குப் பக்கத்தில் என்றால் மேற்கிலிருந்து கச்சான்; மழை மலை தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போகவே வாய்ப்பு அதிகம். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் காற்றைப் பாருங்கள். கேப் அதிகமாக இருந்தும் சொட்டு விழாத நாட்கள் நிறைய உண்டு.

பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே ஏறும். அதன்பின் பேச்சிப்பாறைக்கு மேலே மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேகத்தின் தலை காலிஃபிளவர் போல விளிம்பு கூர்மையாக, அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் அது வளரும் மேகம். விளிம்பு நார்நாராகப் பிரிந்தால் மேலே காற்று வறண்டிருக்கிறது. அந்த மேகம் பெரும்பாலும் கரைந்துவிடும். உச்சி தட்டையாகப் பரந்துவிட்டதா? அங்கே இடிமேகம் முற்றிவிட்டது என்று பொருள். பரந்த தட்டு உங்கள் தலைக்கு மேல் நீண்டு வந்தால் ஷீட்டை அள்ளிவிடுங்கள். முதல் துளிக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ரேடார் படத்தில் எங்கள் ஊர்மேல் சிவப்பு, ஒரு துளி இல்லை. மறுநாள் படத்தில் ஒன்றுமில்லை, வெளுத்து வாங்கியது. எதை நம்புவது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் படத்தின் நேரத்தைப் பாருங்கள். யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 08.30 என்று போட்டிருப்பது நமக்குப் பிற்பகல் 2 மணி. இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர்.

அடுத்து, எந்த ரேடார்? நமக்கு உதவுவது தும்பாவில் உள்ள சி-பேண்ட் ரேடார். நாகர்கோவிலுக்கு நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. கொச்சி ரேடார் 230 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் நாகர்கோவிலுக்கு மேலே 5 கி.மீ. உயரத்தில்தான் கடக்கும். உயர்ந்த இடிமேகத்தின் மேல்பாதி மட்டும் அதற்குத் தெரியும்.

சிவப்பிருந்தும் மழை இல்லாததற்குக் காரணம், நீங்கள் பார்த்தது 'மேக்ஸ்' படமாக இருக்கலாம். எந்த உயரத்தில் வலுவான எதிரொலி கிடைத்தாலும் அதை அப்படியே வரைபடத்தில் பதித்துவிடும் படம் அது. மேலே நிற்கும் நீர் இன்னும் இறங்கியிருக்காது, அல்லது பக்கத்து ஊரில் இறங்கியிருக்கும். படத்தில் இல்லாமல் மழை கொட்டியதற்கு இரண்டு காரணங்கள். சி-பேண்டின் அலைநீளம் 5 செ.மீ. அளவே, நெய்யாற்றின்கரையில் கனமழை நின்றால் அதை ஊடுருவும்போதே கதிர் தேய்ந்துவிடும், பின்னால் இருக்கும் மழை வெளிறித் தெரியும். மலைச் சரிவில் தாழ்வாக நிற்கும் மழையை மலையே மறைப்பதும் உண்டு.

ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். 20 நிமிட இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, மழையின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். 6 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 18 கி.மீ. வேகம். பேச்சிப்பாறை அணைக்கும் உங்கள் ஊருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ அதே தூரம்தான். அதாவது ஒரு மணி நேர அவகாசம். எதிரொலியின் வலுவை ரேடார் படம் டி.பி.இசட். (dBZ) என்ற அளவில் காட்டும். 40 டி.பி.இசட். தாண்டினால் கனத்த மழை. 50க்கு மேல் ஆலங்கட்டிக்கும் இடமுண்டு.

ஆனால் இந்தக் கணக்கு மாலையில் அடிக்கடி பொய்க்கும். மழையோடு மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று, எதிரே வரும் கடற்காற்றில் மோதி அதை மேலே தூக்கும். அந்த இடத்தில், பழைய மழைக்கு 5, 10 கி.மீ. முன்னால், புதிய மேகம் முளைக்கும். அதை வாழைத்தோட்டத்தில் நின்றால் படத்துக்கு முன்பே அறியலாம். கடற்காற்று சட்டென்று அடங்கும். இலைகள் தொங்கி நிற்கும். ஓரிரு நிமிடத்தில் கிழக்கிலிருந்து சில்லென்று ஒரு வீச்சு வந்து இலையெல்லாம் அடிப்பக்கம் வெளுத்துத் திரும்பும். குலைதள்ளிய ஏத்தன் வாழை ஒடிவது இந்த முதல் வீச்சில்தான். ஆகவே முட்டுக்கம்பைக் குலை சாயும் பக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. மலைக்காற்று தள்ளும் திசைக்கு எதிராகவும் ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: செங்கல் சூளையில் பச்சைக்கல் அறுத்துக் காயப்போட்டிருக்கிறோம். தாமினி செயலி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எப்போது வேலையை நிறுத்துவது?
– வாசகர், செண்பகராமன்புதூர்

பதில்: புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் செயலி அது. உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டங்களில் மின்னல் விழுவதைக் காட்டும். இரண்டு வட்டத்துக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் வந்தால் தார்ப்பாயால் கல்லை மூடி, ஓரங்களில் கல்லடுக்கிப் பாரம் வையுங்கள். 20 கி.மீ. வட்டத்துக்குள் வந்தால் ஆட்கள் வெளியேற வேண்டும். முதல் துளி விழுந்தபின் தார்ப்பாயோடு களத்துக்குள் ஓடுவதுதான் மிக ஆபத்தான நேரம். மின்னல் மழைக்கு வெளியே பல கி.மீ. தள்ளியும் விழும்.

சிக்னல் இல்லையென்றால் மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்; 3 விநாடிக்கு 1 கி.மீ. 30க்குள் இடி கேட்டால் 10 கி.மீ. உள்ளே இருக்கிறது. கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள். தகரக் கொட்டகையும் பனைமரத்தடியும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே களத்துக்குத் திரும்புங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அது தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்காது. மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். 108க்கு இன்னொருவர் பேசட்டும்.

கேள்வி: மழையே இல்லாத நாளில் காளிகேசம், திற்பரப்பில் குளிக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாததைப் பார்க்காதீர்கள். மேலே மலையில் இடி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் இறங்க வேண்டாம். தெளிந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, துணி எடுக்க நிற்க வேண்டாம்.

கேள்வி: கரையில் இருட்டினால் கடலில் என்ன செய்வது?
– வாசகர், குளச்சல்

பதில்: கோடை இடிமழை கரையிலிருந்து கடலுக்கு இறங்குவது. கரையை நோக்கி ஓடினால் அதற்கு எதிரே போய் மாட்டுவீர்கள். அதனால் மாலையில் வள்ளம் இறக்குமுன் மலைப்பக்கம் பார்த்து, மூன்று மணி நேரத்துக்கான வானிலை எச்சரிக்கையையும் பாருங்கள். குமரியோடு திருவனந்தபுரம் மாவட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மழையை அளக்கலாமா?
– மாணவி, தக்கலை

பதில்: வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரம் போதும். கூரையோ மரமோ தடுக்காத வெளியில், சாயாமல் வைத்து, தேங்கிய நீரை மி.மீ. ஸ்கேலால் அளக்கவும். 1 மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை. இடிமழைக்குத் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் அவசியம் எழுதுங்கள். அரை மணியில் 30 மி.மீ. பெய்தால் ஓடை நிரம்பும், நாள் முழுக்கப் பெய்தால் மண் குடித்துவிடும். தினமும் காலை 8.30க்கு அளங்கள். அதிகாரப்பூர்வக் கணக்கும் அந்த நேரம்தான் என்பதால் பாலமோர், பெருஞ்சாணி, மயிலாடி அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளந்ததும் நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை அதே இடத்தில் வையுங்கள்.