தைராய்டு ஆபரேஷனுக்கு முன் "குரல் மாறலாம்" என்று ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள்?

அம்மாவுக்குத் தைராய்டில்தானே ஆபரேஷன், குரல் ஏன் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால், எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

குரல்வளைக்கான நரம்புகள் எல்லாமே மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளைகள். பக்கத்துக்கு இரண்டு. மேல்கிளை கழுத்திலேயே பிரிந்து வந்துவிடும். கீழ்க்கிளை போகும் வழிதான் விசித்திரம். இடப்பக்கம் அது குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். வலப்பக்கம் அவ்வளவு தூரம் இல்லை, கைக்குப் போகும் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். கருவில் கழுத்தருகே இருந்த இதயம் கீழே இறங்கியபோது ரத்தக்குழாய்களில் மாட்டிய நரம்பையும் இழுத்துக்கொண்டு போனதன் விளைவு இது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே வழிதான், அத்தனை நீளக் கழுத்தில் இறங்கி ஏற வேண்டும், பாவம்! இதனால்தான் காரணமில்லாமல் வாரக்கணக்கில் குரல் கம்மியிருந்தால் நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம்.

சரி, தைராய்டுக்கு வருவோம். ஏறி வரும் நரம்பு மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டி வருகிறது. அறுபடத்தான் வேண்டும் என்றில்லை, இழுபட்டாலே குரல் நாண் சில வாரங்களோ மாதங்களோ அசையாமல் நின்றுவிடலாம். ஒரு பக்கம் என்றால் குரல் காற்றாக வரும். இரு பக்கமும் என்றால் மூச்சுக்கே ஆபத்து. நாண்களை விரித்து வழிவிடும் ஒரே தசையும் இந்த நரம்பை நம்பித்தான் இருக்கிறது.

மேல்கிளையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அதன் உட்கிளைக்குத் தொடு உணர்ச்சி வேலை, புரையேறினால் இருமல் வருவது அதனால்தான். வெளிக்கிளை நாணை இழுத்து முறுக்கி மேல் ஸ்தாயிக்கு ஏற்றும். அது போனால் பேச்சில் பெரிதாகத் தெரியாது, பாட்டில் தெரியும். ஓபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்சிக்கு 1935-ல் தைராய்டு வீக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் இந்த நரம்பு போய்விட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள், பின்னால் மறுத்தவர்களும் உண்டு.

உங்கள் அம்மா பாடுகிறவர் என்றால் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கோப் வைத்து நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஏற்கெனவே அசையாமல் இருந்தால், மறுபக்கத்தில் கை வைப்பதற்கு முன் சர்ஜன் இரண்டு முறை யோசிப்பார்.