எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது. இது மனசா, உடம்பா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வயது 32. மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று படபடப்பு, மூச்சு முழுசாக இறங்காத உணர்வு, உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது, தலை லேசாகிக் கிறுகிறுப்பது. இரண்டு முறை நடுராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியாயிற்று. இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு முறை பிபி மட்டும் 160/100. "டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "அப்படியானால் நானாகவே கற்பனை செய்துகொள்கிறேனா?"

இல்லை. விரல் மரத்துப்போவது கற்பனையில் நடக்காது. ரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய மாற்றம் அது. அளக்கவேண்டிய நேரத்தில் யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சீட்டு எழுதிப் படுக்கையில் ஏறுவதற்குள் அது பாதி அடங்கியிருக்கும்.

நடப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூச்சு போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, உண்மை அதற்கு நேர் எதிர். மூச்சு அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை ஹைப்பர்வென்டிலேஷன் என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் அளவு காற்றை இழுத்து விடுகிறார். பயம் தொற்றியதும் அது 20, 25 முறை ஆகிவிடும், அதுவும் மேல்நெஞ்சால். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. கூடுதலாக இழுத்து அதில் ஏற்ற இடமே இல்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் வேகமாக வெளியே போய்விடும். ரத்தத்தில் அதன் அழுத்தம் (பிபி போலவே பாதரச அளவில்) 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். சில நிமிட வேக மூச்சில் 30க்குக் கீழே இறங்கிவிடும்.

அது இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியத்தின் ஒரு பகுதி அல்புமின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். நரம்புகளை அமைதியாக வைத்திருப்பதே அந்தத் தனிக் கால்சியம்தான். அது குறைந்தால் நரம்புகள் சும்மாவே துடிக்கும்: வாயைச் சுற்றி, விரல் நுனிகளில் எறும்பு ஊரும், மரத்துப்போகும். அதிகமானால் விரல்கள் ஒன்றுகூடிக் குவிந்து விறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து வீட்டில் "வலிப்பு" என்று பதறுவார்கள், "கால்சியம் கம்மி" என்று மாத்திரையும் வாங்கிக் கொடுப்பார்கள். மொத்தக் கால்சியம் குறையவே இல்லை, மாத்திரையால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு பக்கம், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கார்பன் டை ஆக்சைடு 1 மில்லிமீட்டர் குறைந்தால் மூளைக்கான ரத்த ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 10 மில்லிமீட்டர் இறங்கினால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தலை லேசாவது, கண் மங்குவது, சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரித் தோன்றுவது இதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயம் வரும், பெரும்பாலும் விழமாட்டீர்கள். மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரியவேண்டும், இந்த நேரத்தில் அது ஏறித்தான் இருக்கும்.

"ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது, பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?" என்று கேட்பவர்கள் நிறைய. நெஞ்சுக்கூடு ஏற்கெனவே காற்றால் உப்பியிருக்கிறது. நிரம்பிய குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவது போல, இழுத்த மூச்சை முழுசாக விடாமல் அடுத்ததை இழுக்கிறீர்கள். அதனால்தான் "முழுசா இறங்கலை". அடிக்கடி பெருமூச்சும் கொட்டாவியும் வந்தால் இந்தப் பழக்கம் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் ஓய்வில்லாமல் வேலை செய்து வலிக்க ஆரம்பிக்கும். ஒரு விரலால் தொட்டு "இங்கேதான் சுருக்கென்று குத்துது" என்று காட்ட முடிகிற வலி பலருக்கும் இந்தத் தசை வலிதான். நம் ஊரில் இதற்குப் பெயர் கேஸ். மாதக்கணக்கில் பான்டோபிரசோல் என்ற அசிடிட்டி மாத்திரையை விழுங்கியும் குறையாத "கேஸ்" நிறைய உண்டு.

இதைப் புதுசாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத்திணறலுமாக வந்த சிப்பாய்களிடம் இதயக் கோளாறு எதையும் காணாமல் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பயமும் அறிகுறியும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் எப்படிச் சுற்றுகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னவர் ஆங்கில உளவியலாளர் டேவிட் கிளார்க், 1986இல். உடம்பில் சின்னதாக ஒன்று நடக்கிறது. மாடி ஏறியதில் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். மனசு அதை "அட்டாக்" என்று படிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு கூடுகிறது, விரல் மரக்கிறது. "பார், நான் நினைத்தது சரிதான்." மறுபடி அட்ரினலின். அட்ரினலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடமே ஆகும். புதிதாக ஊற்றாவிட்டால் அலை பத்து இருபது நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். ஊற்றிக்கொண்டே இருப்பது "அட்டாக்" என்ற அந்த வாசிப்புதான்.

உடம்பிலிருந்து மனசுக்குப் போகும் வழியும் இருக்கிறது. "டென்ஷன்தான்" என்று சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்திருக்கவேண்டும், பார்த்தார்களா என்று உங்கள் ஃபைலை எடுத்துப் பாருங்கள்: டிஎஸ்ஹெச் (தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, தூக்கமின்மை எல்லாம் அச்சு அசலாகப் பதற்றம் போலவே வரும்), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. பி12 குறைந்தாலும் கை கால் மரக்கும். ஆனால் அது நாள் முழுக்க, பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி இருக்கும். பத்து நிமிடம் வந்துபோகாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வையோடு படபடப்பு வந்தால் முதலில் குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம். தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனது, ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமால், மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் ஆகியவையும் இதயத்தை ஓட்டும். ஸ்விட்ச் போட்டது போல ஒரே நொடியில் துடிப்பு 160, 180 ஆகி, அதேபோல ஒரே நொடியில் நின்றால் அது இதய மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். சாதாரண இசிஜியில் சிக்காது, 24 மணி நேர ஹோல்ட்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் இசிஜி) கேளுங்கள்.

காபியைத் தனியாகச் சொல்லவேண்டும். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய 5 மணி நேரம் போல ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டிகாக்‌ஷனில் பாதி ராத்திரி 9 மணிக்கும் உள்ளே இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஒரு டம்ளருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரவு மது அருந்துகிறவர்களுக்கு விடியற்காலைப் படபடப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனிச் செய்யவேண்டியது. வந்துவிட்ட நேரத்தில் எல்லோரும் சொல்வது "நல்லா மூச்சை இழுத்து விடு". இதுதான் தப்பான ஆலோசனை. இழுக்காதீர்கள், முதலில் விடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடி, மூக்கு வழியாக உள்ளிருப்பதை மெதுவாக விடுங்கள். ஒரு நொடி சும்மா இருங்கள். பிறகு சின்னதாக, வயிறு மட்டும் உப்பும்படி 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அது முடியாவிட்டால் 3க்கு இழுத்து 4க்கு விடுவதில் தொடங்கலாம். ஒரு கை தொப்புள்மேல், ஒரு கை நெஞ்சின்மேல். நெஞ்சுக் கை அசையக்கூடாது. நான்காவது மூச்சில் "காத்து பத்தலை" என்று பெரிதாக ஒன்று இழுக்கத் தோன்றும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது அங்கேதான். எச்சில் விழுங்கிவிட்டு அடுத்த சின்ன மூச்சுக்குப் போங்கள். மரப்பு உடனே போகாது, ஐந்து பத்து நிமிடம் ஆகலாம். நடுவில் ஆக்சிமீட்டர் மாட்டுவது, நாடி பிடித்துப் பார்ப்பது, இன்டர்நெட்டில் அறிகுறி தேடுவது மூன்றும் வேண்டாம். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். ஒருவேளை அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் உள்ள ஆக்சிஜனும் போய்விடும்.

இதை வந்தபிறகு கற்றுக்கொள்ள முடியாது. வெள்ளத்தில் விழுந்தபின் யாரும் நீச்சல் பழகுவதில்லை. நன்றாக இருக்கும் நேரத்தில் காலை பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம், நான்கு முதல் ஆறு வாரம் பழகவேண்டும். யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இரண்டுமே வேக மூச்சு. எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதையே வரவழைக்கும். மூச்சை அடக்காமல், ஒரு மூக்குத்துளை மாற்றி மறுதுளையில் செய்யும் நாடி சுத்தியில் தொந்தரவில்லை.

மூச்சு முதலுதவிதான். பயத்தின் வேரை அறுப்பது வேறொன்று, அது கேட்பதற்கே கொஞ்சம் விநோதமாக இருக்கும்: அறிகுறியை நீங்களே வேண்டுமென்று வரவழைப்பது. 60 நொடி வேகமாக மூச்சு விடுங்கள். விரல் மரக்கும், தலை சுற்றும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மாடிப்படியில் இரண்டு நிமிடம் ஏறி இறங்குங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். எது மிகக் குறைவாகப் பயமுறுத்துகிறதோ அதில் தொடங்கி, ஒரே பயிற்சியை ஒரே நாளில் மூன்று நான்கு முறை, பயம் பாதியாகும்வரை செய்யவேண்டும். செய்து முடித்ததும் உணர்வைத் தானாக அடங்க விடவேண்டும். உடனே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தால் "தண்ணீர்தான் காப்பாற்றியது" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். சட்டைப் பையில் மாத்திரை, பேருந்தில் கதவுப்பக்க இருக்கை, எங்கே போனாலும் துணைக்கு ஆள், இவற்றையும் இதே காரணத்துக்காக ஒவ்வொன்றாக விட்டுவிடவேண்டும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பகுதியைத் தாங்களாகச் செய்யக்கூடாது. மற்றவர்களும் முதல் இரண்டு மூன்று அமர்வை ஒரு உளவியலாளரோடு செய்வது நல்லது.

ஆஸ்பத்திரியில் அன்று பிபி 160/100 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு அளவை வைத்து ரத்த அழுத்த நோயாளி ஆகிவிடாதீர்கள். மேல்கையில் கட்டும் கருவியில், காபிக்கும் சிகரெட்டுக்கும் அரைமணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து அளக்கவேண்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழு நாளுக்குப்பின் கருவியை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை அளப்பவருக்குப் பிபி ஏறத்தான் செய்யும்.

இதுவரை சொன்னதெல்லாம் டெஸ்ட் நார்மல் என்று உறுதியானவர்களுக்கு. நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, நடந்தால் வந்து நின்றால் குறைவது, உழைக்கும்போது மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும்போது மூச்சிரைப்பு இருந்தால் எண்ணி மூச்சு விட்டுக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். 40 தாண்டியபின் வாழ்வில் முதல்முறையாக இப்படி வந்தால் அதை "பதற்றம்" என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதும் தவறு. அதிர்ச்சி நிஜமாகவே இதயத்தைத் தாக்குவதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்த டகோட்சுபோ என்ற நிலையில், துக்கச் செய்தி கேட்ட சில மணி நேரத்தில் இதயத்தின் நுனி உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடி போல ஆகிவிடும். இசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு போலவே காட்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே, சாவு வீட்டில் நெஞ்சைப் பிடிக்கும் அத்தையைத் தண்ணீர் தெளித்து உட்கார வைப்பதோடு நிறுத்தாதீர்கள்.

மருந்து பற்றி. ஆல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அரை மணி நேரத்தில் அடக்கும், அதனாலேயே ஆபத்து. சில வாரத்தில் பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் பழையதைவிட மோசமாகத் திரும்பும். யாரோ ஒருவரின் பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரமாக எடுப்பவர் தானாக நிறுத்தவும் வேண்டாம். புரோப்ரனலால் நடுக்கத்தைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. மாதத்தில் பல முறை வருகிறது, வெளியே போகவே பயம் என்ற நிலையில் மனநல மருத்துவர் தினமும் எடுக்கும் எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் நாலாம் நாளே "ஒத்துக்கலை" என்று பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அவர்களுக்கு ஒன்று. "ஒண்ணுமில்லை, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்லாதீர்கள். ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி நீங்கள் எண்ணுங்கள், நாலு, அப்புறம் ஆறு. முதுகைத் தடவுவது, விசிறுவது, சோடா வாங்கிவருவது எதுவும் வேண்டாம்.