ஹூவர் போர்வை

கேள்வி: அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிய கட்டுரைகளில் 'ஹூவர்வில்' என்னும் ஊர் அடிக்கடி வருகிறது. வரைபடத்தில் தேடியும் கிடைக்கவில்லையே? – திருநெல்வேலி வாசகர்

பதில்: அது தனி ஓர் ஊரின் பெயர் அன்று. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் பழைய பலகை, தகரம், அட்டை ஆகியவற்றைக் கொண்டு நகர ஓரங்களில் போட்டுக்கொண்ட குடிசைப் பகுதிகளுக்கெல்லாம், அப்போதைய அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் பெயரால் வழங்கிய பொதுப்பெயர் அது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில், நீர் வடிக்கப்பட்ட பழைய நீர்த்தேக்கத்துக்குள்ளேயே ஒன்று இருந்தது. சியாட்டிலில் 1931-இல் எழுந்த ஹூவர்வில்லை அதிகாரிகள் இருமுறை எரித்தும், அங்கிருந்தவர்கள் மீண்டும் கட்டிக்கொண்டார்கள். 1934-இல் எடுத்த கணக்கின்படி அங்கே 479 குடிசைகளில் 639 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பெண்கள் 7 பேர் மட்டுமே.

தலைவர்களைப் பெருமைப்படுத்த அவர்கள் பெயரோடு, ஊரைக் குறிக்கும் 'வில்' என்னும் விகுதியைச் சேர்த்து ஊருக்கு இடுவது அமெரிக்க வழக்கம். ஆண்ட்ரூ ஜாக்சன் பெயரால் அமைந்த ஜாக்சன்வில் ஓர் எடுத்துக்காட்டு. அந்த மரியாதையையே குடிசைக்குச் சூட்டியதில்தான் இச்சொல்லின் கூர்மை இருக்கிறது. பிறகு அவர் பெயர் பல பொருள்களின் மேலும் ஏறியது. குளிருக்குப் போர்த்திக்கொண்ட செய்தித்தாள் 'ஹூவர் போர்வை' ஆயிற்று. தேய்ந்த காலணிக்குள் வைத்த அட்டை 'ஹூவர் தோல்' ஆயிற்று. பெட்ரோலுக்கு வழியின்றிக் குதிரையோ கோவேறு கழுதையோ பூட்டி இழுத்த மோட்டார் காரை 'ஹூவர் வண்டி' என்றார்கள். இவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது 'ஹூவர் கொடி'. காசில்லை என்று காட்டுவதற்காக உள்பக்கம் வெளியே தெரியும்படி இழுத்துவிட்ட கால்சட்டைப் பைதான் அந்தக் கொடி.

கேள்வி: எதிர்க்கட்சியினர் கட்டிவிட்ட சொல்லால் ஒருவரை நிரந்தரமாக இழிவுபடுத்துவது நியாயமா? – ஈரோடு வாசகர்

பதில்: 'ஹூவர்வில்' என்னும் சொல்லை உருவாக்கியவராக அறியப்படுபவர் ஜனநாயகக் கட்சியின் விளம்பரப் பொறுப்பில் இருந்த சார்லஸ் மைக்கேல்சன் என்பது உண்மையே. ஆயினும் கட்சி அலுவலகங்களில் பிறக்கும் வசைச்சொற்களில் பெரும்பாலானவை தேர்தல் முடிந்ததும் மறைந்துவிடுகின்றன. இது நிலைத்ததற்குக் காரணம், அதைச் சொன்னவர்கள் உண்மையிலேயே செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள் என்பதே. மத்திய அரசு தனிமனிதருக்கு நேரடியாக உதவித்தொகை கொடுத்தால் அவர்களுடைய தன்முயற்சி குன்றிவிடும், அப்பணியை உள்ளூர் நிர்வாகங்களும் தொண்டு அமைப்புகளும் செய்யட்டும் என்று ஹூவர் உறுதியாக நம்பினார். பசித்தவரிடம் அந்த நம்பிக்கை செல்லுபடியாகவில்லை. 1932 அதிபர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட், மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 472-ஐப் பெற, ஹூவருக்குக் கிடைத்தவை 59.

அநியாயமும் இதில் உண்டு என்றே கருதுகிறேன். அவர் பதவியேற்று எட்டு மாதம் நிறைவதற்குள் சந்தை சரிந்தது. மந்தத்தின் வேர்கள் அதற்கு முன்பே ஊன்றியவை. அவர் பதவியை விட்டு எட்டு ஆண்டுகள் கழித்து, 1941-இல் சியாட்டில் குடிசைகளை இடித்து அகற்றியபோதும் அந்த இடத்துக்கு ஹூவர்வில் என்பதே பெயர்.

கேள்வி: அவர் பெயரிலிருந்து நல்ல சொல் எதுவும் பிறக்கவில்லையா? – புதுச்சேரி வாசகர்

பதில்: பிறந்தது, அதுவும் கேலிக்கு முன்பே. முதல் உலகப் போரில் பட்டினியில் தவித்த பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பும் பெரும்பணியை ஹூவர் நடத்தினார். 1917-இல் அமெரிக்காவின் உணவு நிர்வாகியானார். அக்காலத்தில் உணவை வீணாக்காமல் சிக்கனமாகச் சமைப்பதற்கு 'ஹூவரைஸ்' என்று இல்லத்தரசிகள் வினைச்சொல்லாகவே வழங்கினார்கள். அயல்நாட்டார் பசியைத் தீர்த்தவர் என்று அறியப்பட்டிருந்ததால்தான், சொந்த நாட்டில் எழுந்த குடிசைகளுக்கு அவர் பெயரை இட்டபோது அது அவ்வளவு ஆழமாகத் தைத்தது.

1946-இல் அதிபர் ட்ரூமன் கேட்டுக்கொண்டதால், முதுமையிலும் அவர் உலக உணவுப் பற்றாக்குறையை நேரில் ஆராயப் பல நாடுகளுக்குச் சென்றார், இந்தியாவுக்கும் வந்தார். அடுத்த ஆண்டு, போரில் சிதைந்த ஜெர்மனியின் பள்ளிகளில் அவர் பரிந்துரையால் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. அதை ஜெர்மானியர்கள் 'ஹூவர்ஷ்பைசுங்', அதாவது 'ஹூவர் உணவு' என்றே அழைத்தார்கள்.