ஆனி மாச நிழல்ல ஒரு மணி நேரம் தப்பு, இதை வச்சு கேஸ் போடலாமா?

திருபுவனத்துல இருந்து ஒரு நெசவாளர் அண்ணன் எழுதியிருக்கார். வீட்டுக்குக் கிழக்கால, கொல்லையைத் தாண்டி 40 அடி தள்ளி இருந்த காலி மனையில இப்ப 30 அடி உயரத்துக்கு வீடு எழும்புது, காலம்பற தறி மேல விழுற வெளிச்சம் போயிடும்ங்குறார். லண்டன்ல ஆர்க்கிடெக்டா இருக்குற அக்கா மக கம்ப்யூட்டர்ல நிழல் படம் போட்டு அனுப்பியிருக்கு, அதை கோர்ட்ல குடுத்தா ஸ்டே கிடைக்குமா, சாயம் போட்ட நூல் காயப்போடுற கொல்லைக்கும் சேத்துக் கேக்கலாமான்னு கேக்குறார்.

அண்ணே, படத்தைப் பாத்தேன். மார்கழியில காலம்பற 8:45க்கு ஜன்னல் முழுக்க வெயில் வந்துடும்னு போட்டிருக்கு, ஆனியில 9:15 ஆகும்னு போட்டிருக்கு. இதைப் படிச்சதும் உங்களுக்கே சிரிப்பு வரணுமே, நம்ம ஊர்ல எந்த வருஷம் ஆனி வெயில் மார்கழியைவிட லேட்டா வந்துச்சு? மார்கழிப் படம் சரி, ஆனிப் படம்தான் ஒரு மணி நேரம் தள்ளிக் கிடக்கு.

காரணம் இதுதான். லண்டன்ல மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையில இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி நகத்தி வச்சுக்குவாங்க, கோடைகால நேரம்னு பேரு. ரெவிட் மாதிரி கட்டடப் படம் போடுற சாஃப்ட்வேர்ல அதுக்குன்னு ஒரு டிக் இருக்கும், பாப்பா ஆபீஸ் ஃபைல்ல அது எப்பவும் போட்டே இருந்திருக்கும், ஊரை மட்டும் திருபுவனம்னு மாத்திட்டு அதை எடுக்க மறந்திருக்கு. நம்ம நாட்டுல ரெண்டாம் உலகப் போர் சமயத்துல கொஞ்ச வருஷம் கடிகாரத்தை நகத்தி வச்சாங்க, இப்ப அந்தப் பேச்சே இல்ல. அதனால படத்துல 9 மணின்னு இருக்குற நிழல் நிஜத்துல 8 மணி நிழல். ஜூன் 21ல 30 அடிக் கட்டடத்தோட நிழல் 8 மணிக்கு ஏறக்குறைய 55 அடி, 9 மணிக்கு 33 அடிதான். மார்கழியில லண்டன்லயும் கோடைகால நேரம் கிடையாதே, அதான் அந்தப் படம் தப்பிச்சுது.

நம்பலைன்னா கொல்லையில 3 அடிக் குச்சி ஒண்ணை நேரா நட்டு, ஆனி முதல் வாரத்துல சரியா 9 மணிக்கு டேப் வச்சு அளந்து பாருங்க, 3 அடி 4 அங்குலம் கிட்ட வரும். படத்துக் கணக்குப்படி அஞ்சரை அடி வரணும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல உச்சிவேளை 12க்கு வராது, நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகைக்கு வச்சது, நாம அதுக்கு மேக்கால இருக்கோம், அதனால சராசரியா 12 நிமிஷம் கழிச்சுத்தான் வரும். ஊரோட அட்சம் தீர்க்கம் சரியா குடுத்திருந்தா அதை சாஃப்ட்வேரே பாத்துக்கும், பாப்பா தனியா வேற கழிச்சு வைக்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்துல என்ன வந்துடப் போகுதுன்னு நினைக்காதீங்க. சரியான கணக்குப்படி ஆனியில 8:15க்கே ஜன்னல் முழுக்க வெயில் வந்துடும், ஆக விடிஞ்சதுல இருந்து உங்களுக்குப் போறது ரெண்டு மணி நேரம் சொச்சம். நீங்க படத்தை நம்பி பிராதுல மூணு மணி நேரம்னு எழுதி, குறுக்கு விசாரணையில அந்தப்பக்கத்து வக்கீல் இந்த மார்கழி ஆனி வித்தியாசத்தை ஒரே கேள்வியில கேட்டார்னா, சரியா இருக்குற மார்கழிப் படமும் சேந்து போயிடும். அதனால இந்தப் படத்தைத் தாக்கல் பண்ணாதீங்க. கும்பகோணத்துல ஒரு இன்ஜினியரை வச்சு திருப்பிப் போடுங்க, அவர்னா கூண்டுல ஏறி சாட்சி சொல்ல முடியும், பாப்பாவை லண்டன்ல இருந்து இழுக்க வேண்டாம். கம்ப்யூட்டர் படம்ங்குறதால புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேணும், பழைய சாட்சியச் சட்டத்து 65பி மாதிரிதான், ஆனா இப்ப நீங்க ஒரு பாகம் நிபுணர் ஒரு பாகம்னு ரெண்டா கையெழுத்துப் போடணும்.

சரி, உரிமை இருக்கா? அடுத்தவர் மனை மேல நமக்கு இருக்குற வழி, வெளிச்சம் மாதிரி உரிமைகளைச் சொல்ற 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் 15ஆம் பிரிவுப்படி ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாம, உரிமையா வெளிச்சம் வந்திருந்தா அது உங்க பாத்தியதை. அந்த ஜன்னல் 20 வருஷமா அதே இடத்துல இருக்குங்குறதை நிரூபிக்கணும், வீட்டுவரி ரசீது, பழைய போட்டோ, அங்க தறி ஓடுனதுக்கு சொசைட்டி பாஸ்புக்னு கிடைச்சதெல்லாம் எடுத்து வைங்க. கொல்லையை மட்டும் மறந்துடுங்க, திறந்தவெளிக்கு வெளிச்சம் கேக்குற உரிமை அனுபவத்தால வராதுன்னு 17ஆம் பிரிவு வெட்டிச் சொல்லுது.

ஜன்னலுக்கும் வெளிச்சம் குறைஞ்சா மட்டும் போதாது. 33ஆம் பிரிவுல கேக்குறது, வீட்டு மதிப்பு கணிசமா குறையுதா, இருக்குறதுக்கு சிரமமா இருக்கா, இல்ல வழக்கமா பண்ற தொழிலை முன்னமாதிரி பண்ண முடியலையாங்குறதுதான். உங்க பலமே அந்தத் தொழில்தான். கரும்பச்சைப் பாவுல ஒரு இழை அறுந்தா விளக்கு வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியுமா? அதை உங்க வாயால சொல்லுங்க, அந்த சாட்சியத்துக்கு எந்த நிழல் படமும் ஈடில்ல.

மறைக்காம சொல்றேன், 40 அடி இடைவெளி இருக்குறதால கேஸ் கொஞ்சம் மெலிசுதான். ஜன்னல் கீழ்விளிம்புல இருந்து பாத்தா அந்தக் கட்டடம் 34 டிகிரிதான் மறைக்குது, 45 டிகிரிக்கு உள்ள இருந்தா மிச்ச வானத்து வெளிச்சம் போதும்னு எதிர்த்தரப்பு வாதாடும். அது இங்கிலாந்து கோர்ட்டுகள்ல இருந்து வந்த உத்தேசக் கணக்கு, சட்டம் இல்ல, ஆனாலும் எடுபடும். அதனால முதல்ல ஒரு வக்கீல் நோட்டீஸ், கூடவே பேரூராட்சியில தகவல் உரிமைச் சட்டத்துல பிளான் காப்பி, பிளானை மீறியிருந்தா அது தனிப் பிடி. மேல்மாடியை மேற்குப் பக்கம் கொஞ்சம் உள்ளடக்கிக் கட்டச் சொல்லிப் பேசிப் பாருங்க. மசியலைன்னா முன்சீப் கோர்ட்ல தடையுத்தரவு மனு, அதோட நேர்ல பாத்து அறிக்கை குடுக்க கோர்ட் அனுப்புற வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர் கேட்டு ஒரு மனு, அவர் காலம்பற 7 மணிக்கு தறிக்கிட்ட வந்து நிக்கணும், பதினோரு மணிக்கு வந்தா அவர் பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. வெளிச்சத்தை மறைக்குறது தெரிஞ்சும் ஒரு வருஷம் பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிடும், மேல் தளம் கான்கிரீட் போட்டப்புறம் இடிக்கச் சொல்லி உத்தரவு வாங்குறதும் லேசு இல்ல, நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்க.